ஸ்மார்ட் போட் கேட்பதற்கு முன் ஒரு பிஸ்கட் பெட்டியை வெட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பிரிவுக்கு ஏதாவது செய்துதர வேண்டும் என்று பழைய மாணவர் சங்கங்களோ வெளிநாட்டில் வாழும் ஊரவர்களோ முன்வரும்போது, பாடசாலைத் தரப்பிலிருந்து இப்போது முதலில் கேட்கப்படுவது ஸ்மார்ட் போட் எனும் பெரிய தொடுதிரைப் பலகை. கொடுப்பவர்களின் மனசுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுவரில் பூட்டிய பிறகு அந்தப் போட்டில் பெரும்பாலும் நடப்பது என்ன? ஆசிரியர் காட்டுகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் கைகட்டி இருந்த பிள்ளை இப்போது வண்ணத் திரைக்கு முன்னால் கைகட்டி இருக்கிறது. மறுபக்கம், கண்காட்சிக்கு ‘மாணவர் ஆக்கம்’ என்று வந்து நிற்கும் மாதிரிகள் பலவற்றைப் பார்த்தாலே தெரியும், அப்பாவோ மாமாவோ இரவிரவாக இருந்து ஒட்டியவை என்று.

ஆரம்பப் பிரிவில் தொழில்நுட்பம் பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்வதற்குப் பயன்பட வேண்டும் என்பதே ஆசிரியர்களான எங்கள் கருத்து. அதற்கு லட்சக்கணக்கில் பணம் தேவையில்லை. யாரோ மாற்றிவிட்டு அலுமாரியில் போட்ட ஒரு பழைய கைத்தொலைபேசி, கடையில் சும்மா தரும் ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டி, சில எல்.ஈ.டி. குமிழ்கள் இருந்தால் ஒரு தவணைக்கு வேலை இருக்கிறது. குறைவாக இருப்பது செய்முறை: எப்படிச் செய்வது, எந்த இடத்தில் பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்பது. அதை எழுதி வைத்தால் யாராவது ஒரு ஆசிரியருக்காவது உதவும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தொடங்குவதற்கு ஏற்றது ஸ்டொப் மோஷன் படம். ஒரு பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, எல்லாவற்றையும் வேகமாக ஓடவிட்டால் பொருள் தானாக அசைவது போலத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளையும் இதில் மற்றவர்களுக்குச் சமமாக நிற்கும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் வரும் வளர்ச்சி, பருவம், வட்டம் எதற்கும் பொருந்தும். இங்கே நெல்லையே எடுத்துக்கொள்வோம். பெரும்போக நெற்செய்கைக் காலத்தில் பாடசாலை மதிலுக்கு வெளியே வயல் தெரியும் ஊர்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் நிறைய உண்டு. விதைப்பு, முளை, மட்டம் வெடித்தல் (பக்கக் கிளை விடுதல்), குடலை (கதிர் உறைக்குள் இருக்கும் நிலை), கதிர் பறிதல் (கதிர் வெளியே வருதல்), பால் பிடித்தல், பழுத்தல், வெட்டு என்று எட்டுக் கட்டமாகப் பிரிக்கலாம். 32 பிள்ளைகள் உள்ள தரம் 3 அல்லது 4 வகுப்பென்றால் நான்கு நான்கு பேராக எட்டுக் குழு, குழுவுக்கு ஒரு கட்டம்.

படத்தின் கணக்கை முதலிலேயே பிள்ளைகளுடன் சேர்ந்து போட வேண்டும். செக்கனுக்கு 5 படம் என்று வைத்தால், குழுவுக்கு 20 படம் என்பது 4 செக்கன். எட்டுக் குழுவுக்கும் 160 படம், 32 செக்கன். செக்கனுக்கு 12 படம் எடுத்தால்தான் அசைவு வழுவழுப்பாக வரும் என்று வழிகாட்டிகளில் இருக்கும். உண்மைதான். ஆனால் அதே 32 செக்கனுக்கு 384 படம் எடுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அரைவழியில் களைத்துவிடும், பிறகு எல்லாவற்றையும் ஆசிரியரே எடுத்து முடிப்பார், முழு நோக்கமும் போய்விடும். செக்கனுக்கு 5 போதும்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வேலையும் அதில்தான் நிற்கிறது. ஏறத்தாழ ஒரு அடி உயரமான பிஸ்கட் பெட்டி ஒன்றின் வாயைக் கீழே கவிழ்த்து மேசையில் வையுங்கள். மேற்பக்கத்தின் நடுவில் 5 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு துளை. தொலைபேசியின் கமரா அதற்குள்ளால் கீழே பார்க்க வேண்டும். முன்பக்கத்தை, ஓரத்தில் மூன்று விரல் அகலம் மட்டும் விட்டு, முழுதாக வெட்டி எடுங்கள். பிள்ளையின் கை அதற்குள்ளால் போகும். யன்னல் பக்கத்துச் சுவரையும் அப்படியே வெட்டினால் வெளிச்சம் வரும். மிச்சமுள்ள உட்சுவர்களில் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தால் மட்டும் வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் கறுப்பு நிழல் விழும். வெள்ளைச் சுவர் அந்த வெளிச்சத்தைத் திருப்பி நிழலை மென்மையாக்கும். ஒரு அடி உயரத்தில் சாதாரணத் தொலைபேசிக் கமராவுக்கு ஏ4 தாள் ஒன்று ஓரம் விட்டு முழுதாகத் தெரியும். தொலைபேசியைப் பெட்டியுடனும், பெட்டியை மேசையுடனும், பின்னணித் தாளை நான்கு மூலையிலும் மேசையுடனும் ரேப் போட்டு ஒட்ட வேண்டும். மேசைக் கால்களைச் சுற்றி நிலத்தில் சோக்கால் கோடு போடுங்கள். இடைவேளையில் யாராவது மேசையைத் தள்ளினாலும் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரலாம்.

பயிர் வளர்வதைக் காட்டுவதற்கு ஒவ்வொரு உயரத்துக்கும் புதிதாகத் தாள் வெட்டத் தேவையில்லை. பின்னணித் தாளின் கீழ்ப்பகுதியில் மண்ணிறத் தாள் ஒன்றை, இரண்டு பக்க ஓரத்தில் மட்டும் பசை பூசி ஒட்டுங்கள். அதுதான் வயல் மண். பச்சைத் தாளில் வெட்டிய பயிரை அந்த மண்ணுக்கு அடியில் செருகி, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பகுதியைப் பிடித்து 2 மில்லிமீற்றர் 2 மில்லிமீற்றராக மேலே தள்ள வேண்டும். 15 தரம் தள்ளினால் 3 சென்ரிமீற்றர் வளரும். மிச்ச 5 படங்களும் அசையாமல் எடுக்கப்பட வேண்டியவை: தொடக்கத்தில் 2, முடிவில் 3. அந்த அசையாப் படங்கள் இல்லாவிட்டால் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதைப் பார்ப்பவரின் கண் பிடிக்காது. அடிப்பகுதியில் 2 மில்லிமீற்றருக்கு ஒரு கோடாக அடிமட்டத்தால் முன்கூட்டியே குறித்துவிட்டால் பிள்ளை தடுமாறாது. குறிக்காவிட்டால் எல்லாப் பிள்ளையும் செய்வது ஒன்றுதான்: ஆசையில் ஒரேயடியாக இரண்டு விரற்கடை தள்ளிவிடும், படத்தில் பயிர் துள்ளும்.

குழுவில் ஒருவர் நகர்த்துவார், ஒருவர் எடுப்பார், ஒருவர் எண்ணிக்கையைத் தாளில் கோடு போட்டுக் குறிப்பார், நான்காமவர் சட்டகத்துக்குள் கை இருக்கிறதா என்று பார்த்து ‘கை எடு’ என்பார். ஐந்து படத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாற வேண்டும். மாறாவிட்டால் துடிப்பான பிள்ளை ஒன்று தொலைபேசியைப் பிடித்துக்கொள்ளும், அமைதியான பிள்ளை கடைசிவரை கோடுதான் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு குழுவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மற்றக் குழுக்கள் அந்த நேரத்தில் தங்கள் துண்டுகளை வெட்டி நிறம் தீட்டட்டும். ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு இரண்டு நாட்களில், நாளுக்கு இரண்டு பாடவேளையில் முடியும்.

இதில் அடிக்கடி வரும் பெரிய கோளாறு, ஓடவிட்டுப் பார்க்கும்போது படம் பளிச் பளிச்சென்று மினுங்குவது. காரணம், தொலைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே புதிதாக அளந்துகொள்வது. எங்கள் பிள்ளைகளின் சீருடை வெள்ளை; ஒரு பிள்ளை பெட்டிக்கு முன்னால் குனிந்தாலே தாளில் விழும் வெளிச்சம் மாறும், தொலைபேசி அதற்கேற்பப் படத்தைக் கூட்டிக் குறைக்கும். திரையில் தாளின் மேல் விரலை இரண்டு மூன்று செக்கன் அழுத்திப் பிடித்தால் பல தொலைபேசிகளில் வெளிச்ச அளவும் குவியமும் பூட்டுப்படும். அதைச் செய்த பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் நிலத்தில் போட்ட கோட்டுக்குப் பின்னால் நிற்பது என்ற பழக்கமும் வேண்டும். முகில் மறைத்து மறைத்து வெயில் அடிக்கும் மாரி நாட்களில் யன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. யன்னல் பக்கத்தை மூடி, மேசை விளக்கு ஒன்றை வைத்து எடுப்பதே நல்லது.

திரையைத் தொட்டு எடுத்தால் ஒவ்வொரு தொடுகைக்கும் பெட்டி சற்று அசையும். வயருள்ள இயர்போனைச் செருகி அதன் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் பல தொலைபேசிகள் படம் எடுக்கும். தொலைபேசியைத் தொடவே தேவையில்லை. விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் 17ஆவது படத்தில் யாராவது அழைப்பார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அது தாள் துண்டுகளைத் தூக்கும். நண்பகலில் வெயில்படும் மேசையில் தொலைபேசி சூடேறித் தானாக நின்றுவிடும் என்பதால் காலைப் பாடவேளைகளைப் பிடியுங்கள்.

படங்களைக் கோக்க ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ போன்ற செயலி ஒன்றின் இலவசப் பதிப்பு போதும். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டி, எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்க்கவும் அது உதவும். செயலி இல்லாவிட்டால் சாதாரணமாகப் படங்களை எடுத்து, எந்த வீடியோ தொகுப்புச் செயலியிலும் படத்துக்கு 0.2 செக்கன் என்று வைத்தால் அதுவும் செக்கனுக்கு 5 தான்.

பிறகு குரல். குழுவுக்கு 4 செக்கன் இருக்கிறது. நிதானமாகப் பேசும் பிள்ளை அதற்குள் ஆறு ஏழு சொல்தான் சொல்லும். ‘குடலைக்குள்ளே கதிர் ஒளிந்து இருக்கிறது’ என்றால் அளவாக வரும். பிள்ளைகள் முதலில் எழுதிவருவது பாடப்புத்தகத்தின் முழுப் பந்தியாக இருக்கும். அதை ஏழு சொல்லுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். தாய்மொழிப் பாடத்தில் இதைவிட நல்ல வாக்கிய பயிற்சி கிடைக்காது. எது முக்கியம், எதை விடலாம் என்று பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடுவதைக் கேட்டால், அந்தப் பாடத்தை யார் விளங்கிக்கொண்டார்கள், யார் மனப்பாடம் செய்தார்கள் என்பது பரீட்சைத் தாள் இல்லாமலே தெரியும். எப்படியும் குறையவில்லையா, கடைசிப் படத்தை இன்னும் பத்துத் தரம் பிரதி செய்தால் மேலும் 2 செக்கன் கிடைக்கும்.

குரல் பதிவில் எங்கள் பாடசாலைகளுக்கே உரிய ஒரு தொல்லை, அரைச்சுவர் மண்டபங்கள். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வது அப்படியே பதிவில் விழும். சாமான் அறையோ நூலக மூலையோ நல்லது. புத்தகமும் துணியும் நிறைந்த இடத்தில் எதிரொலி குறையும். தொலைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே பிடிக்காமல் கன்னப் பக்கமாக இருக்கட்டும். நேரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சுக் காற்று அடித்துப் ‘பொப்’ என்று கேட்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிக் கோப்பாகப் பதிந்து உடனே பெயரிடுங்கள். இதே முறையில் ஊர்ப் பெரியவர்களிடம் வசந்தன் பாட்டு, மட்டக்களப்புக் கவி, தாலாட்டு என்று பிள்ளைகள் பதிந்துவரலாம். படத்தைவிட அது இலகு. விரைவில் செய்ய வேண்டியதும் கூட.

அடுத்து, தாள் மின்சுற்று. தரம் 4, 5 பிள்ளைகளுக்குப் பாலமீன்மடுக் கலங்கரை விளக்கத்தை வரைந்து அதன் உச்சியில் ஒரு குமிழை எரியவைப்பது நல்ல தொடக்கம். தேவையானவை தடித்த தாள் ஒன்று, 5 மில்லிமீற்றர் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று, சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிய இரண்டு கீலங்கள், 3 வோல்ற் நாணயக் கலம் (காசு போன்ற தட்டையான பற்றரி) ஒன்று. செப்பு ரேப் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குறையில்லை. தாளின் பின்பக்கத்தில் இரண்டு கீலங்களையும் ஒன்றுடன் ஒன்று முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். குமிழின் நீண்ட கால் நேர் முனை, குட்டைக் கால் மறை முனை. இரண்டு காலையும் விரித்துத் தட்டையாக்கி, தாளில் போட்ட துளையால் குமிழை முன்பக்கம் நீட்டி, கால்களைக் கீலங்களின் மேல் வைத்து, அந்தக் கீலத்தின் நுனியையே காலின் மேல் மடித்து அழுத்தி, அதன் மேலே ரேப் போடுங்கள். கலம் வைக்கும் மூலையை மடிப்பாக விட்டால் மடித்து அழுத்தும்போது எரியும், விட்டால் அணையும். அதுவே ஆளி (சுவிட்ச்).

எரியவில்லை என்றால் முதலில் கலத்தைத் திருப்பி வையுங்கள். எல்.ஈ.டி. ஒரு பக்கமாக மட்டுமே மின்னை விடும். அதற்கும் எரியாவிட்டால் பெரும்பாலும் பசைதான் காரணம். பிள்ளைகள் கீலத்தின் இரண்டு பக்கமும் பசை பூசிவிடுவார்கள். காய்ந்த பசை மின்னை மறிக்கும். அதனால்தான் இரண்டு அலுமினியத் துண்டைப் பசையால் பொருத்தி நீளமாக்கவும் கூடாது, மூலை வரும் இடத்தில் வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். எரிந்தது சற்று நேரத்தில் மங்கிப்போய்க் கலமும் சூடாக இருந்தால் எங்கோ குறுஞ்சுற்று, அதாவது குமிழைத் தாண்டிக் குறுக்கு வழியில் மின் ஓடுகிறது. இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: நாணயக் கலத்தின் நேர்ப் பக்கம் மேற்பரப்புடன் நிற்பதில்லை, விளிம்பையும் சுற்றி வரும். மறைப் பக்கத்துக் கீலம் விளிம்பில் முட்டினால் கதை முடிந்தது. அந்தக் கீலத்தைக் கலத்தின் நடுவோடு நிறுத்திவிட வேண்டும்.

நிறங்களைக் கலக்க ஆசைப்படும் பிள்ளை சிவப்பையும் நீலத்தையும் ஒரே கலத்தில் சமாந்தரமாகப் பூட்டும். சிவப்பு மட்டும் எரியும். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ற் போதும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ற் வேண்டும். சிவப்பு மின்னை இழுத்து வோல்ற்றளவைத் தன் மட்டத்துக்கு இறக்கிவிடுவதால் நீலத்துக்கு எட்டாது. காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். சிவப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நீலம் எரியும். அதற்குப் பிறகு பிள்ளை கேட்கும் கேள்விகள் விஞ்ஞானப் பாடத்தின் கேள்விகள்.

நாணயக் கலத்தைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 20 மில்லிமீற்றர் அகலமான அந்தக் கலத்தைச் சிறு பிள்ளை விழுங்கினால் உணவுக் குழாயில் சிக்கும், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கும், உயிராபத்து வரை போகும். எரிந்து ஓய்ந்த கலமும் இதைச் செய்யும். எனவே தரம் 1, 2 வகுப்புகளில் இதை வைக்கவே வேண்டாம். மேல் வகுப்பிலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும், வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. வீட்டில் தம்பி தங்கை இருப்பார்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், நேரம் கடத்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சிறிய வகுப்புகளுக்கு 1.5 வோல்ற் ஏஏ கலம் இரண்டைப் பிடியுடன் பயன்படுத்தலாம். ஆனால் அப்போது மின்னைக் கட்டுப்படுத்தும் 100 ஓம் தடையி ஒன்றைத் தொடராகப் பூட்ட வேண்டும். நாணயக் கலத்தின் உட்தடை அதிகம் என்பதால் அது தானாகவே மின்னைக் கட்டுப்படுத்தும். ஏஏ கலம் அப்படியில்லை, தடையி இல்லாமல் பூட்டினால் குமிழ் பழுதாகும். அலுமினியத் தாளால் குறுஞ்சுற்றானால் கை சுடும் அளவுக்குச் சூடும் ஏறும். தவணை முடிவில் கலங்களைப் பிடியிலிருந்து கழற்றி வையுங்கள். கரையோரப் பாடசாலைகளில் உப்புக் காற்றுக்குத் தகடுகள் துருப்பிடிக்கும். இலேசான துருவை அழிறப்பரால் தேய்த்தால் போய்விடும்.

டப்லெட் இருக்கும் பாடசாலைகள் தரம் 2, 3 பிள்ளைகளுக்கு ஸ்கிராச் ஜூனியரைப் போடலாம். கட்டளைகளைக் கோத்துப் பாத்திரங்களை அசையவைக்கும் நிரலாக்கச் செயலி அது; 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்காக 2014இல் இலவசமாக வெளிவந்தது. கட்டளைகள் எழுத்தில் இல்லாமல் படக்குறியில் இருப்பதால் ஆங்கிலம் வாசிக்கத் தேவையில்லை. ஒருமுறை நிறுவினால் இணையமும் வேண்டாம். ஒரு செயற்றிட்டத்தில் நான்கு பக்கம்தான் வைக்கலாம் என்பது நல்ல கட்டுப்பாடு. கதையை நான்கு காட்சிக்குள் முதலில் தாளில் வரைந்துவிட்டுத்தான் டப்லெட்டைத் தொட விட வேண்டும். இரண்டு பாத்திரங்கள் ஒரே நேரத்தில் பேசிவிடுவதுதான் பிள்ளைகளுக்கு வரும் முதல் பிரச்சினை. ஒன்றுக்குக் காத்திருக்கும் கட்டளை போட வேண்டும். அதில் எண் செக்கனில் இல்லை, பத்தில் ஒரு செக்கனில் என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்: 3 செக்கன் காத்திருக்க 30 என்று போட வேண்டும். 3 என்று போட்ட பிள்ளை தன் கட்டளையே வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடும்.

தரம் 5க்கு, அதே வகையில் மூத்த பிள்ளைகளுக்கான ஸ்கிராச். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை அந்த வகுப்பில் எதற்கும் இடம் கிடையாது என்பது தெரிந்ததே; பரீட்சை முடிந்த பிறகு வரும் வெற்று வாரங்கள் இதற்கு அளவானவை. பழைய கணினிக்கூடங்களில் ஸ்கிராச் 3 ஏறாது, அதற்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பின்வந்தது வேண்டும். பழைய கணினிகளுக்கு 1.4 பதிப்பு போதும். பாத்திரங்கள் நடிக்கும் மேடையின் நடு பூச்சியமாக, இடமும் கீழும் மறை எண்களாக இருப்பது ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்குப் புரியாது, அது மேல் வகுப்புப் பாடம். ஆகவே ஆள்கூறு (இடத்தைக் குறிக்கும் எண்) வரும் கட்டளைகளை விட்டு, பாத்திரத்தை இழுத்து வைத்து ‘10 அடி நட’ என்ற கட்டளையுடன் தொடங்குங்கள். மைக்ரோபிட் போன்ற சிறு கணினிப் பலகைகளை இப்போதைக்கு அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். நல்ல சாதனம், ஆனால் மேலே சொன்னவற்றைச் செய்து பழகாத வகுப்பில் அது பெட்டியிலேயே கிடக்கும்.

இவற்றில் எதைச் செய்தாலும் ஆசிரியரின் கை பிள்ளையின் வேலைக்குள் போகக்கூடாது. கோணலாக வெட்டிய கதிரும் நடுவில் குலுங்கும் படமும் அப்படியே இருக்கட்டும். புள்ளி போட வேண்டுமென்றால் முடிந்த பொருளைப் பார்க்காமல், ‘இதை இரண்டு மடங்கு மெதுவாக ஓட்ட என்ன செய்வாய்?’, ‘இந்தக் குமிழ் எரியாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். செய்த பிள்ளை சொல்லும். வீட்டில் செய்வித்துக்கொண்டு வந்த பிள்ளை விழிக்கும். இன்னொரு விடயம், பிள்ளைகளின் முகமும் பெயரும் பாடசாலையின் பேஸ்புக்கில் போகவேண்டிய தேவை இல்லை. தாளில் வெட்டிய உருவங்கள்தானே நடிக்கின்றன. படத்தை வகுப்பிலும் பெற்றோர் கூட்டத்திலும் போட்டுக் காட்டுங்கள். வெளியே விடுவதானால் பெற்றோரின் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய கல்வி வலயங்களின் ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகர்களிடம் நாங்கள் கேட்பது அரைநாள் செயலமர்வு ஒன்று. அதில் விரிவுரையும் படக்காட்சியும் வேண்டாம். வரும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரு பெட்டியை வெட்டி, 20 படம் எடுத்து, ஒரு குமிழை எரியவைத்துவிட்டுப் போகட்டும். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளின் ஆரம்பக் கல்விப் பயிலுநர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பாடசாலைகளுக்கு வரும்போது இதில் ஒன்றையாவது செய்வித்துக் காட்டலாம். கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்கள் உருவம் வெட்டவும் குரல் கொடுக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்க முன்வந்தால் இன்னும் நல்லது.

உதவி செய்ய நினைக்கும் ஊரவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு ஒரு பெட்டி கட்டிக் கொடுங்கள்: கமரா நன்றாக இருக்கும் பழைய தொலைபேசி ஒன்று, அதன் சார்ஜர், பவர் பாங்க், வயர் இயர்போன், மேசை விளக்கு, சிவப்பு எல்.ஈ.டி. 40, ஏஏ கலப்பிடி 8, அவற்றுக்குப் போதிய கலங்கள், 100 ஓம் தடையி 20, அலுமினியத் தாள் ஒரு சுருள், ரேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல் 8. நாணயக் கலங்கள் தனியாக, மூடி இறுகும் போத்தலில். உள்ளே இருப்பதை எழுதிய தாள் ஒன்று மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தொலைபேசியைக் கொடுக்கும்போது உங்கள் கணக்குகளையும் படங்களையும் அழித்து, கடவுச்சொல்லை நீக்கிக் கொடுங்கள். பெட்டியின் சாவி ஆரம்பப் பிரிவுப் பகுதித் தலைவரிடம் இருக்கட்டும். அதிபரின் அலுமாரிக்குள் போனால், கேட்க வெட்கப்படும் இளம் ஆசிரியரின் வகுப்புக்கு அந்தப் பெட்டி வராது.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
களுவாஞ்சிக்குடி.